உயிர்காப்புப் பயிற்சி: கம்பம் பள்ளத்தாக்குச் சங்கங்களுக்கு ஒரு பாடம்

கூட்டுறவுச் சங்கத்தின் வேலை குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்து வசூலிப்பதோடு முடிந்துவிடுவதன்று. அங்கத்தினரின் பொருளைக் காக்கக் கூடியவர்கள், அப்பொருளை ஈட்டும் கைகளையும் காக்கக் கடமைப்பட்டவர்கள். நேற்று வரை வயலில் உழைத்த குடியானவர் ஒருவர் திடீரென்று விழுந்து இறந்தால், குடும்பம் தன் தலைவரை இழக்கிறது. சங்கம் ஓர் அங்கத்தினரை இழக்கிறது. அத்தகைய மரணங்கள் எல்லாவற்றையும் தடுக்க இயலாது. ஆயினும் அவற்றில் ஒரு பகுதி தடுக்கத்தக்கதே. அதற்கு முதலில் வேண்டுவது விலையுயர்ந்த மருந்தன்று. அருகிலிருப்பவரின் இரண்டு கைகளும், அக்கைகளுக்கு ஏற்பட்டிருக்கும் சரியான பழக்கமுமேயாகும்.

அப்பழக்கத்தைச் சுகாதார ஊழியர்களிடத்தும் கிராமவாசிகளிடத்தும் உண்டாக்குவது எவ்வாறு, உண்டான பழக்கத்தை மங்கவிடாமல் வைத்திருப்பது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் விஷயம்.

பள்ளத்தாக்கின் நிலைமை

மதுரை மாவட்டத்திலிருந்து 1996-ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்ட தேனி மாவட்டம் சிறியதொரு பிரதேசம். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இதில் 12,45,899 பேர் வசித்தனர். ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையும், மறுபுறம் மேகமலை, வருஷநாட்டு மலைகளும் சூழ, நடுவே முல்லையாற்றுப் பாசனத்தில் நெல்லும் திராட்சையும் வாழையும் தென்னையும் விளையும் பூமி கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திருப்பப்பட்டது முதல் இப்பள்ளத்தாக்கின் செல்வம் பெருகிற்று. ஆனால் செல்வத்தைத் தரும் அதே ஆறும், கிணறும், மின்சார மோட்டாரும், மலைப்பாதையும் அபாயத்தையும் உடன் கொண்டிருக்கின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவழிகளில் ஏலத்தோட்டத்து வேலைக்குச் செல்லும் ஸ்திரீகள் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறுவது இங்குள்ளோர் தினந்தோறும் காணும் காட்சி.

பெரியகுளத்தில் அரசு தலைமை ஆஸ்பத்திரியும், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர், ஆண்டிபட்டி ஆகிய ஊர்களில் அரசு ஆஸ்பத்திரிகளும் உள்ளன. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஆண்டிபட்டிக்கு அருகே க. விலக்கில் அமைந்துள்ளது. கூடலூரிலிருந்து அவ்விடம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரம். 2008-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. இவை யாவும் பெரும் உதவிகளே. எனினும் எந்த வண்டியும் எண்ணத்தின் வேகத்தில் வந்து சேராது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் தேதி போடிக்கு அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு மலையேறச் சென்றவர்கள் சிக்கிக்கொண்டபோது, மலைப்பகுதிக்கு உதவி போய்ச் சேர்வது எவ்வளவு கடினம் என்பதை நாடு முழுவதும் கண்டது. அத்துயரத்தில் 23 பேர் இறந்தனர்.

ஆகவே இப்பள்ளத்தாக்கில் ஒருவருக்கு உயிராபத்து நேரும்போது, முதல் சில நிமிஷங்களில் அருகிலிருப்பவர் பெரிய டாக்டர் அல்லர். பக்கத்து வயற்காரரோ, பால் சங்கத்தில் பால் அளப்பவரோ, கிராம சுகாதார நர்ஸோ, ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஊழியரோதான். அவருடைய பயிற்சியைப் பொறுத்தே பின்னால் வரும் டாக்டரின் திறமைக்கு வேலை கிடைக்கிறது.

நிமிஷக் கணக்கு

இருதயம் திடீரென்று நின்றுவிட்டால் மூளைக்கு இரத்தம் செல்வது உடனே நின்றுபோகிறது. ஏறக்குறைய 4 நிமிஷங்கள் சென்றதும் மூளை கெடத் தொடங்குகிறது. ஒன்றும் செய்யாமல் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு 100-க்கு 7 முதல் 10 வரை குறைகிறது என்று வைத்திய நூல்கள் கூறும். 10 நிமிஷம் கழித்து வந்து சேரும் வண்டி, எவ்வளவு நல்ல கருவிகளைக் கொண்டுவந்தாலும், அதற்குள் யாரும் மார்பை அழுத்தாதிருந்தால் அநேகமாக வீணாகவே திரும்ப நேரிடும்.

மார்பை அழுத்துவதால் நின்ற இருதயம் தானாக ஓடத் தொடங்கிவிடும் என்று எண்ணுவது தவறு. அழுத்தும் கை, நின்ற இருதயத்துக்குப் பதிலாகத் தற்காலிகமாக இரத்தத்தைத் தள்ளுகிறது. மோட்டார் பழுதானபோது பயிர் வாடாமல் ஆள் வைத்து இறைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். இறைத்துக்கொண்டிருந்தால் பயிர் நிற்கும். மோட்டாரைச் சரிசெய்பவர் வரும்வரை கை ஓயலாகாது. அவ்வளவே இதன் தத்துவம்.

முறை வளர்ந்த வரலாறு

1940-களின் முதலுதவிப் புத்தகங்களைப் பார்த்தவர்கள், நீரில் மூழ்கியவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தும் முறைகளை அறிந்திருப்பார்கள். அவற்றுள் ஒன்று பேராசிரியர் ஷேஃபர் வகுத்தது; மற்றொன்று டென்மார்க்கு தேசத்து ராணுவ அதிகாரி ஹோல்கர் நீல்சன் 1932-இல் வெளியிட்டது. 1950-களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் எலாம், பீட்டர் சாஃபர் முதலிய வைத்தியர்கள், வாயோடு வாய் வைத்து ஊதும் மூச்சே அவற்றைக் காட்டிலும் மேலானது என்று நிரூபித்தனர். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர், மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி இரத்த ஓட்டத்தை நடத்தலாம் என்று காட்டினர். இவர்களுள் கௌவன்ஹோவன் மின்சாரப் பொறியியல் பேராசிரியர். அதே ஆண்டளவில் நார்வே தேசத்தில் பொம்மை செய்யும் தொழிலதிபரான லேர்தால், பயிற்சிக்கென ஒரு மனித பொம்மையைச் செய்து கொடுத்தார்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டில் இந்திய மயக்கவியல் வைத்தியர் சங்கத்தார், பொதுஜனங்களுக்கென்று மூச்சு ஊதுதலை விட்டு மார்பு அழுத்தலை மட்டும் கொண்ட எளிய முறையொன்றை வகுத்தனர். 2021-ஆம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம், டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பிற ஊழியர்களுக்கும் தேசிய அவசர உயிர்காப்புப் பயிற்சி என்பதைத் தொடங்கிற்று.

இவ்வரலாற்றிலிருந்து ஒன்று விளங்கும். முறைகள் மாறுகின்றன, இருபது ஆண்டுகளுக்கு முன் கற்றதையே நம்பியிருப்பவர் பழைய முறையையே செய்துகொண்டிருப்பார். எனவே பயிற்சி என்பது ஒருமுறை பெற்றுச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் பத்திரமன்று.

செய்யும் விதம்

பெரியவர் ஒருவர் திடீரென்று விழுந்து கிடந்தால் செய்யவேண்டியவை பின்வருமாறு.

1. இடம் ஆபத்தற்றதா என்று முதலில் பார்க்கவேண்டும். தோளைத் தட்டி உரத்த குரலில் அழைக்கவேண்டும்.

2. பதில் இல்லையாயின், கூவி ஆட்களைக் கூட்டி, ஒருவரை 108-க்கு அழைக்கச் செய்யவேண்டும். ஊரின் பெயரோடு கோயில், பால் சங்கம், பள்ளிக்கூடம் போன்ற அடையாளத்தையும் சொல்லவேண்டும்.

3. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இதற்கு 10 விநாடிக்கு மேல் செலவிடலாகாது. இருதயம் நின்ற பின்பும் சிலரிடம் மீன் வாய் திறப்பது போல இடைவிட்டுத் திணறல் தோன்றும். அது சுவாசமன்று. அதைச் சுவாசமென்று எண்ணிக் காத்திருந்து உயிரை இழந்தவர்கள் பலர்.

4. சமமான கெட்டித் தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து, முழங்கை மடங்காமல் உடல் கனத்தால் அழுத்தவேண்டும். ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வேகம் நிமிஷத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் மார்பு முழுவதும் மேலெழும்பவேண்டும்.

5. அழுத்துபவர் 2 நிமிஷத்தில் தம்மையறியாமலே களைத்துவிடுவார்; ஆழம் குறையும். ஆகையால் 2 நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும். மாறும்போது இடைவெளி சில விநாடிக்கு மிஞ்சலாகாது.

சுகாதார ஊழியர்கள் 30 அழுத்தலுக்கு 2 மூச்சு என்ற கணக்கில் செய்வார்கள். பயிற்சியில்லாதவர் அழுத்தலை மட்டும் நிறுத்தாமல் செய்தாலே போதும். தானியங்கி மின்னதிர்வுக் கருவி கிடைக்குமிடத்தில், அதைத் திறந்து ஒட்டினால் அது பேசி வழிகாட்டும். அது சொல்லியபடி செய்யவேண்டும்.

விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சவேண்டுவதில்லை. முறிந்த எலும்பு கூடும். நின்ற இருதயம் தானாகக் கூடாது.

விசேஷ சந்தர்ப்பங்கள்

இப்பள்ளத்தாக்கில் அடிக்கடி நேரக்கூடிய சில சந்தர்ப்பங்களைத் தனித்துக் கூறுவது அவசியம்.

நீரில் மூழ்கியவர்: வாய்க்காலிலோ கிணற்றிலோ அருவியிலோ மூழ்கியவருக்கு முதலில் குறைந்தது மூச்சே. எனவே பயிற்சி பெற்றவர் மூச்சு ஊதுதலை முதலில் செய்து, பின் அழுத்தலைத் தொடரவேண்டும். வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும், தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் பிரயோஜனமற்றவை. நேரத்தையும் உயிரையும் விரயம் செய்பவை.

மின்சாரம் தாக்கியவர்: மோட்டார் அறையில் விழுந்தவரைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். நிறுத்தாமல் தொட்டால் ஒரு மரணம் இரண்டாகும்.

பாம்பு கடித்தவர்: நல்லபாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் விஷம் சுவாசத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். இருதயம் ஓடிக்கொண்டிருக்க மூச்சு மட்டும் நிற்கலாம். அந்நிலையில் யாரேனும் மூச்சைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தால், விஷமுறிவு மருந்தும் சுவாச யந்திரமும் உயிரைக் காக்கக்கூடும். கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடா. இம்மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக்கொடுக்கும் நிலையங்களில் புகழ்பெற்றது, 1978-இல் அமைக்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். தமிழ்நாட்டின் ஏழைத் தொழிலாளர் அமைத்த கூட்டுறவு எத்தனையோ உயிர்களைக் காத்திருப்பது எல்லாச் சங்கங்களுக்கும் பெருமை தருவதாகும்.

பிறந்த குழந்தை: பிறந்தவுடன் அழாமலும் மூச்சு விடாமலும் இருக்கும் சிசுவுக்கு முதல் ஒரு நிமிஷமே உயிர்நிமிஷம். துடைத்து, கதகதப்பாக வைத்து, முதுகை மெல்லத் தேய்த்தும் மூச்சு வரவில்லையாயின், அந்நிமிஷத்துக்குள்ளே பையும் முகமூடியும் கொண்டு காற்றைச் செலுத்தவேண்டும். இதனை ஊழியர்களுக்குக் கற்பிக்கவே 2009-ஆம் ஆண்டில் நவஜாத சிசு சுரக்ஷா காரியக்ரம் என்னும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. பிரசவம் நடக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்ஸின் கைத்திறன் நேராகப் பயன்படுவது இங்கேதான்.

கற்றது மங்குவது ஏன்?

இனி இப்பாடத்தின் முக்கிய பாகம் வருகிறது. ஊழியர் ஒருவர் பயிற்சிக்குச் சென்று வந்தார், தேர்வில் தேறினார், பத்திரமும் பெற்றார். ஓர் ஆண்டு கழித்து அவர் கையெதிரே ஒருவர் விழுகிறார். அப்போது அவர் சரியாகச் செய்வாரா?

பல தேசங்களில் நடந்த சோதனைகள் ஒரே விடையைத் தருகின்றன. உயிர்காப்புத் திறமை பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே குறையத் தொடங்கிவிடுகிறது. டாக்டர், நர்ஸ் என்ற பேதம் இதில் இல்லை. மனத்தில் பாடம் சற்று நிலைத்திருக்கும். கையின் பழக்கமே முதலில் போகிறது. ஆழம் போதாமல் அழுத்துதல், அளவுக்கு மிஞ்சி வேகமாக அழுத்துதல், அடிக்கடி நிறுத்துதல், பையை மிகுதியாகப் பிழிதல் ஆகிய குற்றங்கள் செய்பவருக்கே தெரியாமல் நுழைந்துவிடும்.

சிறிய பிரதேசத்துக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. மதுரை போன்ற நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர் இத்தகைய நோயாளிகளை அடிக்கடி காண்பதால், வேலையே அவருக்குப் பயிற்சியாகிறது. மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸோ, இருதயம் நின்ற ஒருவரை நெடுங்காலத்துக்கு ஒருமுறையே காண்பார். கண்மாயின் மதகை ஆண்டுக்கணக்காக ஏற்றி இறக்காமல் விட்டால், வெள்ளம் வந்த இரவில் அது துருப்பிடித்து அசையாமல் நிற்கும். மதகு செய்த கொல்லனிடத்துக் குற்றமில்லை. அதை மாதத்துக்கு ஒருமுறை அசைத்துப் பார்க்காதவரிடத்தே குற்றம். அரிதாக நேரும் காரியத்துக்கே அடிக்கடி பயிற்சி வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

ஊழியர்களுக்கு உகந்த பயிற்சி முறை

இதற்குப் பரிகாரம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தூரத்து நகரத்தில் நடக்கும் நீண்ட வகுப்பு மட்டுமன்று. அவ்வகுப்பு அஸ்திவாரம். அதன்மேல் வேலைசெய்யும் இடத்திலேயே குறுகிய பயிற்சி அடிக்கடி நடக்கவேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில நிமிஷம் பொம்மையின்மேல் செய்து பார்க்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. கிராமப்புற நிலையங்களுக்கு மாதம் ஒருமுறை 15 நிமிஷம் என்பது நடைமுறைக்கு இசைந்த அளவு. அப்பதினைந்து நிமிஷத்தைப் பின்வருமாறு பங்கிடலாம்.

முதல் 5 நிமிஷம் ஒவ்வொருவரும் பொம்மையின்மேல் அழுத்திக் காட்டவேண்டும். மற்றொருவர் கடிகாரம் வைத்துக் கணக்கும் ஆழமும் பார்த்து அப்போதே திருத்தவேண்டும். உயிருள்ள மனிதர் மார்பில் பயிற்சி செய்வது ஒருபோதும் கூடாது.

அடுத்த 5 நிமிஷம் கற்பனையான ஒரு சம்பவத்தை எல்லோரும் சேர்ந்து நடத்திப் பார்க்கவேண்டும். டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், ஆஸ்பத்திரிப் பணியாளர், இயலுமாயின் ஆம்புலன்ஸ் ஊழியரும் இதில் சேரவேண்டும். அழுத்துபவர் யார், முகமூடியைப் பிடிப்பவர் யார், நேரம் குறிப்பவர் யார், தொலைபேசியில் பேசுபவர் யார் என்பது முன்னரே தீர்மானிக்கப்படவேண்டும். முகமூடியை ஒருவர் இரண்டு கைகளாலும் இறுகப் பிடிக்க, மற்றொருவர் பையைப் பிழிந்தால் காற்று கசியாது. மூச்சு ஒவ்வொன்றும் ஒரு விநாடி. மார்பு எழும்புவது தெரிந்தால் போதும்.

கடைசி 5 நிமிஷம் கருவிகளைப் பரிசோதிக்கவேண்டும். ஆக்ஸிஜன் உருளையில் வாயு இருக்கிறதா, அதைத் திறக்கும் சாவி அதன் பக்கத்திலேயே கட்டப்பட்டிருக்கிறதா, குழந்தைக்குரிய சிறிய முகமூடி உள்ளதா, உறிஞ்சும் யந்திரம் ஓடுகிறதா, மருந்துகளின் காலம் கடந்துவிட்டதா என்று பார்த்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடவேண்டும்.

உண்மையான சம்பவம் ஒன்று நடந்துவிட்டால், அன்றைக்கே ஊழியர் யாவரும் கூடி, எது நன்றாக நடந்தது, எது தாமதமாயிற்று என்று பேசிப் பார்க்கவேண்டும். ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது இதன் நோக்கமன்று. குற்றஞ்சாட்டப்படுவோம் என்ற அச்சம் இருந்தால் உண்மை மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவறு மறுபடியும் நடக்கும்.

டென்மார்க்கு தேசத்தின் உதாரணம்

கூட்டுறவு இயக்கத்தைப் பற்றிப் படித்த அங்கத்தினர்களுக்கு டென்மார்க்கு புதிய பெயரன்று. 1882-ஆம் ஆண்டில் அத்தேசத்துச் சிறு குடியானவர்கள் தங்கள் முதல் கூட்டுறவுப் பால்பண்ணையை அமைத்து உலகத்துக்கு வழிகாட்டினர். அதே தேசம் உயிர்காப்பிலும் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் பள்ளிக்கூடங்களிலும், அதன்பின் வாகனம் ஓட்ட உரிமம் பெறுவோருக்கும் உயிர்காப்புப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு வெளியே இருதயம் நின்றவர்களில், அருகிலிருந்தோர் மார்பை அழுத்தத் தொடங்கியது 2001-இல் 100-க்கு 21 பேருக்கு. 2010-இல் 100-க்கு 45 பேருக்கு. முப்பது நாளுக்குப் பின்னும் உயிரோடிருந்தவர்கள் அதே காலத்தில் 100-க்கு 3.5 என்பதிலிருந்து 10.8 ஆக உயர்ந்தனர். வண்டிகளும் சிகிச்சையும் அக்காலத்தில் மேம்பட்டதால் பயிற்சி ஒன்றே காரணமென்று சொல்ல இயலாது. ஆனால் அது பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை.

அத்தேசத்துக்குரிய போர்ன்ஹோம் என்ற சிறு தீவில் 2008-ஆம் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகள் பொதுஜனங்களுக்கு இப்பயிற்சி பரவலாக அளிக்கப்பட்டது. பிரதேசம் சிறியதாக இருந்ததே அங்கே அனுகூலமாயிற்று. ஊரில் பலரை எட்ட முடிந்தது. கம்பம் பள்ளத்தாக்கும் அவ்வாறே எல்லை தெரிந்த பிரதேசம். சிறுமை குறையன்று, ஒழுங்குபடுத்தினால் அதுவே பலம்.

சங்கம் செய்யக்கூடியவை

முதலாவது, பயிற்சிப் பொம்மை. ஒரு சுகாதார நிலையம் தனித்து வாங்குவது கடினமாயின், ஒரு வட்டாரத்துச் சங்கங்கள் கூடி ஒன்று வாங்கி, முறைவைத்துச் சுற்றுக்கு அனுப்பலாம். துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின் பொது நன்மை நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாம். நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றிக் கணக்கில் தனியாகக் காட்டவேண்டும்.

இரண்டாவது, ஆட்கள். பால் சங்கத்துக்குக் காலையும் மாலையும் ஊரார் வருகின்றனர். பால் அளப்பவர், சங்கக் காரியதரிசி, நியாயவிலைக் கடை விற்பனையாளர், காவற்காரர், ஜீப் ஓட்டுநர் ஆகியோர் எப்போதும் ஊரிலிருப்பவர்கள். இவர்களுக்கு முதலில் பயிற்சி அளிக்கவேண்டும். 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துப் பழகிய பெண்கள் இருக்கும் ஊர்களில், அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்திரீகளுக்குத் தனி வகுப்பு வைத்தால் தயக்கமின்றி வருவார்கள்.

மூன்றாவது, இடமும் காலமும். மாதக் கூட்டத்தின் கடைசி 15 நிமிஷத்தை இதற்கென ஒதுக்கலாம். கிராம சுகாதார நர்ஸ் வந்து கற்பிக்கும்போது அவருக்கும் பயிற்சி புதுப்பிக்கப்படுகிறது. கற்பிப்பவர் இருமுறை கற்கிறார். இவ்விதம் ஊழியரின் திறமையும் ஊராரின் திறமையும் ஒரே செலவில் வளரும்.

நான்காவது, முன்னெச்சரிக்கை. நெஞ்சு இறுக்கம், இடக்கை வலி, காரணமில்லாத வியர்வை ஆகியவை கண்டவரை வாயுக்கோளாறு என்று வீட்டில் வைத்திருக்கலாகாது. மாரடைப்பு நோயாளிக்கு முதல் மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்தனுப்பும் இதயம் காப்போம் திட்டம் 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. இருதயம் நிற்குமுன் ஆளைக் கொண்டு சேர்ப்பது, நின்றபின் அழுத்துவதைக் காட்டிலும் எளிது.

ஐந்தாவது, வழி. வண்டி தெருவுக்குள் நுழைய இடமுண்டா, இரவில் ஊர்முகப்பில் விளக்குடன் நின்று வழிகாட்டுபவர் யார் என்பதை முன்னரே ஏற்பாடு செய்யவேண்டும்.

சட்டத்தைப் பற்றிய அச்சம்

விபத்தில் விழுந்தவரைத் தொட்டால் போலீஸ், சாட்சி, கோர்ட்டு என்று அலையவேண்டிவரும் என்ற அச்சத்தால் விலகிப் போகிறவர்கள் உண்டு. இவ்வச்சத்தைப் போக்கும் நெறிமுறைகளை 2016-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு உறுதிசெய்தது. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, விபத்துக்குள்ளானவருக்கு நல்லெண்ணத்தோடு உதவி செய்பவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. உதவியவர் தம் பெயரைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இதனை எழுதி வைப்பது நன்று.

முடிவுரை

பயிற்சி பெற்றவர் கை வைத்தாலும் எல்லோரும் பிழைத்துவிடுவதில்லை. பலர் இறந்தே போவர். அதனால் செய்தவர் மனம் தளரலாகாது. வீட்டாரும் அவரைக் குறைகூறலாகாது. மழை பொய்க்கும் ஆண்டுகள் உண்டென்று எந்தக் குடியானவரும் விதைப்பை நிறுத்துவதில்லை. நூற்றுக்குச் சிலரேயானாலும், பிழைத்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தின் தாயோ தந்தையோ பிள்ளையோ ஆவர். அச்சிலருக்காக மாதம் 15 நிமிஷம் செலவிடுவது எந்தச் சங்கத்துக்கும் நஷ்டமாகாது.

படிப்பு வட்டத்தில் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

1. இச்சங்கத்தின் எல்லையில் ஒருவர் இன்றிரவு விழுந்தால், ஆம்புலன்ஸ் வருவதற்கு எத்தனை நிமிஷம் ஆகும்? அந்நேரம் வரை மார்பை அழுத்தத் தெரிந்தவர்கள் யார் யார்?

2. திணறலுக்கும் சுவாசத்துக்கும் உள்ள வேற்றுமை என்ன?

3. நீரில் மூழ்கியவருக்கு மூச்சை முதலில் கொடுப்பது ஏன்?

4. பயிற்சிப் பத்திரம் வைத்திருப்பவரும் மாதந்தோறும் பழகவேண்டிய காரணம் யாது?

5. பக்கத்துச் சங்கங்களோடு சேர்ந்து ஒரு பயிற்சிப் பொம்மையை வாங்கிச் சுற்றுக்கு விடுவதற்கு எவ்வகைத் தீர்மானம் வேண்டும்?